ஒரு விரற்கடை

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள்
பாகூர் ஸ்டேஷனுக்கு அதைக் கொண்டுபோவேன்.
பழைய வேட்டியில் சுற்றி
ஸ்கூட்டியில் காலடியில் சாய்த்து.
ஏட்டு கலிவரதன் பேரேட்டைப் பிரிப்பார்.
பெயர்? அஞ்சலாட்சி, த/பெ திருவேங்கடம்.
வயசு? அறுபத்திரண்டு.
கடைசியா எப்பம்மா சுட்டீங்க?
பத்து வயசில்.
சிரிப்பார். அதை எழுதமாட்டார்.
மொத்த நீளத்தை மட்டும்
டேப்பைப் போட்டு எழுதிக்கொள்வார்.

பீரோவில் ரசீதுகள் இருக்கின்றன,
ரோஸ், மஞ்சள், கணினி வந்தபிறகு வெள்ளை.
எந்த வருஷம் யார் ஜெயித்தார்கள் என்பது
எனக்குக் குழம்பிவிட்டது.
எந்தெந்த மாதம் இது வீட்டில் இல்லை என்று
தேதியோடு சொல்வேன்.

சைகோனில் பட்டாளத்திலிருந்த
பெரியப்பா தாண்டவராயன் வாங்கியது.
ஒன்பது வயசுத் தம்பிக்கு.
முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல்வரை
ஒரு நூலைப் பிடித்து அறுத்து
கடிதத்துக்குள் வைத்து அனுப்பினார்களாம்.
அந்த நூலுக்குச் சரியாகப்
பின்கட்டையை அங்கேயே ஒரு தச்சன் அறுத்தான்.
கப்பல் வந்துசேர்வதற்குள்
அப்பா ஒரு விரற்கடை வளர்ந்திருந்தார்.
ஒட்டு போட்டார்கள். தேக்கு.
அடுத்த வருஷம் பலா. அப்புறம் பூவரசு.
திருகாணி முடுக்கி முடுக்கி
அப்பாவின் கை முடிவுக்கு வந்தபோது
துப்பாக்கியின் வால் மூன்று நிறம்.

பிரெஞ்சுக்காரன் அதைக் கராபின் என்றான்.
எங்கள் வீட்டு நாக்கில் அது கருப்பன்.
'கருப்பன் எங்க?' என்றால்
பரண்மேல் என்று பதில் வரும்.

தம்பி பரிதிக்கு எட்டு வயதானதும்
ஒட்டுகளைக் கழற்றினார் அப்பா.
தம்பியின் கையை அளந்தார், நூலால்தான்.
பக்கத்தில் நான் நின்றேன்.
எனக்கும் கை இருந்தது.

சட்டம் வருவதற்கு முந்தின தை மாதம்
பாகூர் ஏரிக்கரையில் தம்பிக்கு விரல் நடுங்க
'நீ சுடு' என்று என்னிடம் தந்தார்.
குட்டையாக இருந்தது எனக்கு.
வெடித்த வேகத்தில் என் கட்டைவிரலே
என் மூக்கை உடைத்தது.
நாமக்கோழி விழுந்தது, சாகவில்லை.
இடுப்பளவு தண்ணீரில் இறங்கி
நான்தான் போய் எடுத்தேன்.
அதன் கால் என் மணிக்கட்டை உதைத்துக்கொண்டே இருந்தது,
கரை வரும்வரை.
வாயில் வழிந்தது என் ரத்தமா
அதனுடையதா என்று தெரியவில்லை.
ராத்திரி குழம்பில்
என் பல்லுக்குத்தான் ஈயக்குண்டு தட்டுப்பட்டது.
துப்பவில்லை. கழுவி வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு வயதில் பரிதி
பெரியப்பாவோடு துலூசுக்குப் போனான்.
தேக்கு மட்டும் மாட்டியிருந்த நேரம்.
அப்பா அதற்குமேல் ஒட்டு போடவில்லை.
வருவான் வருவான் என்று
அந்தப் பையனின் நீளத்திலேயே
எண்ணெய் போட்டுத் துடைத்தார்,
கண் தெரிந்தவரை, பிறகு தடவியபடி.
வாரிசு லைசென்சுக்குப் போனபோது
'பொம்பளைக்கு எதுக்கு?' என்றார் குமாஸ்தா.
பரிதி போனில் சொன்னான்:
வித்துடு அக்கா.
பத்து மாசம் அலைந்து வாங்கினேன்.

போன முறை வாக்கு எண்ணிக்கை முடிந்து
வாங்கிவரப் போனேன்.
சரிபார்த்துக்குங்க என்று கொடுத்தார் கலிவரதன்.
என்ன தோன்றியதோ, தோளில் வைத்தேன்.
ஸ்டேஷனே அமைதியாயிற்று.
கட்டைவிரல் மூக்கில் இடித்தது.

வீட்டுக்கு வந்து தேடினேன்.
பலாவைக் காணோம்.
பூவரசு, பீரோவின் காலடியில்
முட்டுக்கொடுத்துக் கிடந்தது நாற்பது வருஷமாக.
உருவினேன். பீரோ சாய்ந்து
ரசீதுகள் ஒரு பக்கம் சரிந்தன.
திருகாணித் துளையில் கரையான் மண்.
ஊசியால் நோண்டினேன்.

இதோ அடுத்த தேர்தல்.
கலிவரதன் டேப்பைப் பிடிக்கிறார்,
பழைய பக்கத்தைப் புரட்டுகிறார்,
மறுபடி பிடிக்கிறார்.
'ரெண்டு சென்டிமீட்டர் கூட வருதேம்மா?'

வளர்ந்திருக்கும் என்றேன்.

பேனாவை மூடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்,
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று.